காலி சுவாதீனம்

நீங்களும் உக்காருங்க சார். வீட்டுக்காரர் நின்னுக்கிட்டு வாடகைக்குக் கேக்க வந்தவன் உக்காந்திருக்கறது முறையில்ல. எனக்கு முழங்கால் சரியில்ல, அதான் நீங்க சொல்றதுக்கு முன்னாடியே உக்காந்துட்டேன். என்ன கேட்டீங்க? சொந்த வீடு இருக்கும்போது எதுக்கு வாடகை வீடு தேடறேன்னா? நியாயமான கேள்வி. போன வாரம் தென்னூர்ல ஒருத்தரும் இதையேதான் கேட்டாரு. ஆனா வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தவன்னு நினைச்சுக்கிட்டுக் கேட்டாரு. எனக்கும் என் சம்சாரத்துக்கும் முப்பத்தொரு வருஷத்துல சண்டையே வந்ததில்ல சார். அவ அவ்வளவா பேச மாட்டா. நான்தான் பேசுவேன்.

எம் பேரு மாசிலாமணி. வீட்டுப் புரோக்கர். இந்தப் புத்தூர்லயே நாப்பது வீடாவது என்னால கை மாறியிருக்கும். புரோக்கர்னா யாருன்னு நினைக்கறீங்க? வாங்கறவனும் விக்கறவனும் கை குடுத்துக்கும்போது நடுவுல நிக்கறவன். அதை யாராவது போட்டோ எடுத்தா ஓரத்துல பாதித் தோள்பட்டை மட்டும் தெரியும். முப்பது வருஷமா அந்தப் பாதித் தோள்பட்டை நான்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் விக்கறவனா உக்காரணும், வேற எவனாவது நடுவுல நிக்கணும்னு ஒரு ஆசை. தப்பா சார்?

அதுக்குத்தான் அந்த உறையூர் வீட்டை வாங்கினேன். நூத்து இருபது வருஷத்து வீடு. வாரிசுங்க நாலு பேரு, நாலு ஊர்ல. இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டலாம்னு வந்தவங்க எல்லாரும் வாசல் சந்தோட அகலத்தைப் பார்த்துட்டுத் திரும்பிட்டாங்க. அந்தச் சந்துல லாரி போகாது. லாரி போகாத இடத்துல எவன் கட்டுவான்? அதனால விலை படிஞ்சுது. உள்ள வௌவால் இருந்துச்சு. கூடத்துல ஒரு ஆலங்கன்னு என் இடுப்பு உசரத்துக்கு வளர்ந்திருந்துச்சு. ஆனா தூணெல்லாம் தேக்கு, மச்சு விட்டமும் தேக்கு. இப்ப பழசுக்குத்தான் சார் காலம். பழசைப் பழசாவே புதுசு பண்ணி வச்சா, கோயம்புத்தூர்லேருந்தும் பெங்களூர்லேருந்தும் வந்து ஓட்டல் ஆக்கறேன்னு கொத்திக்கிட்டுப் போறான். ஆறு மாசத்துல சரி பண்றது, ஏழாம் மாசம் விக்கறது. இதான் திட்டம். சேர்த்து வச்சிருந்ததெல்லாம் அதுல போட்டேன். அவ வளையலும் அதுலதான் இருக்கு.

பத்திரம் மட்டும் அவ பேருல. அது வேற வழியில்லாம. வாங்கறதுக்கு முன்னாடி சோசியர்கிட்ட ஜாதகத்தைக் காட்டினேன். கட்டத்தைப் பார்த்த உடனே கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டாரு. “நாலாம் இடத்துல கேது. உமக்கு மனை யோகம் கிடையாது. உம்ம பேருல ஒரு செங்கல் கூட வாங்காதீரு”ன்னாரு. ஊருக்கே மனை பிடிச்சுக் குடுக்கறவனுக்கு மனை யோகம் இல்லையாம். சிரிக்காதீங்க சார். சாஸ்திரம்னா சாஸ்திரம்தான். அவ ஜாதகத்துல நாலாம் இடத்துல குரு பார்வை. சரி, பேரு யார் பேரா இருந்தா என்ன, விக்கப் போறது நான்தானேன்னு அவ பேருல பதிஞ்சேன். தையல்நாயகி, கணவர் பெயர் மாசிலாமணி.

நாங்க குடியேறக் கூடாதுன்னுதான் நினைச்சேன். விக்கற வீட்டுல புரோக்கர் படுக்கக் கூடாதுன்னு எங்க தொழில்ல ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆனா கொத்து வேலை நடக்கற இடத்துல தேக்குக் கதவைக் கழட்டி வச்சிருக்கு, தளம் போட வாங்கின சாமான் கிடக்கு. காவலுக்கு ஆள் வேணும். இவதான், “நான் பகல்ல போயி இருக்கேங்க, வேலையாளுங்களுக்கு டீ போட்டுக் குடுத்தா மாதிரியும் ஆச்சு”ன்னா. சரின்னேன். முதல் நாள் டீக்குக் காய்ச்சின பால் பொங்கி அடுப்புல வழிஞ்சிடுச்சாம். சாயந்தரம் நான் போனப்ப சொன்னா. “கவனிக்காம விட்டுட்டேங்க. கிழக்கால பொங்குச்சு”ன்னா. பால் பொங்கறது ஒரு விஷயமா? நானும் விட்டுட்டேன். அன்னைக்கு வளர்பிறை முகூர்த்தம்ங்கறதை ஒரு மாசம் கழிச்சுத்தான் காலண்டர்ல பார்த்தேன். தற்செயலா அமைஞ்சிருக்கு பாருங்க.

அடுத்த வாரம் ஒரு பாய் வந்துச்சு. அப்புறம் பீரோ. அப்புறம் பீரோவை எதுக்குத் தனியா விட்டு வைக்கணும்னு நாங்களும் வந்துட்டோம். வாடகை மிச்சம்தானே.

இதுக்கு முன்னாடி இருந்தது பதினொரு வாடகை வீடு. நீங்க ஓனர், உங்களுக்குத் தெரியும். குடிவைக்கும்போது ஓனர் முதல்ல சொல்றது என்ன? சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. பதினொரு பேரும் அதைத்தான் சொன்னாங்க. நீங்களும் கொஞ்ச நேரம் முன்னாடி சொன்னீங்க, நான் தப்பா நினைக்கல. எங்க வீட்டுக் கடிகாரம் முப்பது வருஷமும் பீரோ மேல மல்லாக்கப் படுத்துக்கிட்டுத்தான் மணி காட்டுச்சு. எட்டிப் பார்க்கணும். எங்க கல்யாண போட்டோ அரிசிப் பானைக்குப் பின்னாடி சாஞ்சு நிக்கும். இவ உறையூர் வீட்டுக்கு வந்த உடனே ஒரு கிலோ ஆணி வாங்கிட்டு வந்துட்டா.

பழைய வீட்டுல ஆணி நிக்காது சார். சுண்ணாம்புக் காரை. ஒரு அடி அடிச்சா ஒரு முழத்துக்குப் பொரிஞ்சு விழும். நம்ம கொத்தனார் சவரிமுத்து சொல்லியிருக்காரு, “ஆணி வேணும்னா முதல்ல சுவத்துல மரக்கட்டை பதிக்கணும்மா, அப்புறம் அந்தக் கட்டையிலதான் அடிக்கணும்.” அவ்வளவுதான். நான் ஒரு வாரம் அரியலூர்ல ஒரு மனை விஷயமா அலைஞ்சுட்டு வந்து பார்க்கறேன், வீடு முழுக்கக் கட்டை பதிச்சிருக்கு. ஒரு சுவத்துக்கு ஆறு. கூடம், அடுக்களை, ரேழி, மாடிப்படி ஏறற இடம். எல்லாத்துலயும் ஆணி. எண்ணிப் பார்த்தேன், அறுபத்துமூணு. மாட்ட எங்ககிட்ட இருக்கறது ஒரு கடிகாரம், ஒரு போட்டோ, ரெண்டு சாமி படம். மிச்ச ஆணியெல்லாம் எதுக்குன்னு கேட்டேன். “இருக்கட்டும்ங்க”ன்னா.

எனக்குக் கோவம் வந்துச்சு சார். சவரிமுத்துவைப் பிடிச்சு சத்தம் போட்டேன். விக்கற வீட்டுல சுவரு மழமழன்னு இருக்க வேணாமா? அவரு கரண்டியைக் கழுவிக்கிட்டே, “ஐயா, கையில சுண்ணாம்போட நிக்கறவனுக்கு ஓனர் அம்மா சொல்றதுதான் சட்டம்”ன்னாரு. அம்மாவைத்தான் ஓனர்ங்கறாரு. நான் யாரு? நான் காலையில வேலையை ஒரு பார்வை பார்த்துட்டுக் கிளம்பிப் போற ஒரு ஐயா.

அப்புறம் சமையல் மேடை. நான் மார்க்கெட்டுக்கு ஏத்த மாதிரி போடச் சொன்னேன், எல்லா வீட்டுலயும் இருக்கற உசரம். இவ கொஞ்சம் குட்டை. வாடகை வீட்டு மேடை எதுவும் இவளுக்கு எட்டாது. ஒரு பலாப்பலகை மணை வச்சிருந்தா. அதை அடுப்புக்குக் கீழ போட்டு அது மேல ஏறி நின்னுதான் சமைப்பா. வீடு மாத்தும்போது முதல்ல அந்த மணையைத்தான் வண்டியில ஏத்துவா. சவரிமுத்து இவளை நிக்க வச்சு, முழங்கையிலேருந்து அளவு எடுத்து மேடை போட்டுட்டாரு. இருபத்தெட்டு அங்குலம்! நான் குனிஞ்சு டம்ளர் எடுக்கணும். இப்படிப் பண்ணா எவன் வாங்குவான்னு கேட்டேன். அப்பதான் அவ சொன்னா, “உங்களுக்கு மனை யோகம் இல்லங்க. எனக்கு முப்பது வருஷமா மணை யோகம்தான்.” அன்னைக்கு சாயந்தரமே மணையைப் பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குக் குடுத்துட்டா. நல்ல பலாப்பலகை சார், இன்னும் பத்து வருஷம் வந்திருக்கும்.

ஏழாம் மாசம் வீடு தயார். உள்ளதைச் சொல்லணும், ஜோரா இருந்துச்சு. முத்தத்துல வெயில் விழுந்தா கூடத்துல லைட் போட வேணாம். ஆள் வர ஆரம்பிச்சாங்க. முதல் ஆள் பெங்களூர். விலை கேட்டான், மறுபேச்சு பேசல. பதிவுக்கு நாள் குறிச்சோம். காலையில இவ காலண்டரைக் கிழிச்சுக்கிட்டு வந்து நிக்கறா. “இன்னைக்கு எனக்குச் சந்திராஷ்டமம்ங்க.” பார்த்தேன், அனுஷம்னு போட்டிருக்கு. அவ நட்சத்திரம்தான். சந்திராஷ்டமத்துல கையெழுத்து போடச் சொல்ல முடியுமா? சாஸ்திரம் பார்த்து வாங்கினவன் சாஸ்திரம் பார்க்காம விக்க முடியாது. தள்ளி வச்சேன். அவன் வேற வீடு பார்த்துட்டான்.

ரெண்டாவது ஆளுக்குக் கரிநாள். மூணாவது ஆளுக்கு நான் உஷாரா முன்னாடியே காலண்டர் பார்த்து, சுத்தமான நாளா குறிச்சேன். இவ உள்ள போயி பஞ்சாங்கத்தையே எடுத்துட்டு வந்தா. “நேத்திரம் சைபர்னு போட்டிருக்குங்க. நேத்திரம் இல்லாத நாள்ல கையெழுத்து போட்டா கண்ணை மூடிக்கிட்டு போட்ட மாதிரியில்ல?” எனக்கே தெரியாத சூட்சுமம் சார் அது. அன்னைக்கு நான் அவளைப் பத்தி ரொம்பப் பெருமையா நினைச்சேன். நம்ம நல்லதுக்கு எவ்வளவு கவனமா பார்க்கறா பாருங்க.

நாலாவது ஆள் கோயம்புத்தூர். ஏற்கெனவே ரெண்டு ஓட்டல் நடத்தறவரு. வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு, அடுக்களையில நின்னு மேடையைத் தட்டி, “இதை எடுத்துட்டு இங்க ரிசப்ஷன் வச்சுடலாம்”ன்னாரு. இவ பக்கத்துலதான் நின்னா. அன்னைக்குச் சாப்பிடும்போது நான் மனசு விட்டு சொல்லிட்டேன். “தையல், நான் ஒரு தடவையாவது ஓனரா உக்காரணும்னுதான் இவ்வளவும் பண்ணேன். இதுவும் தட்டிப் போச்சுன்னா எனக்கு வயசில்ல.” அவ ரசம் ஊத்தினா. ஊத்திட்டு, “நாள் குறிங்க, வரேன்”னா. காலண்டர் பக்கம் திரும்பவே இல்ல.

பதிவு ஆபீஸுக்குப் போனோம். கல்யாணத்துக்கு எடுத்த மாதிரி ஒரு அரக்குப் புடவை கட்டிக்கிட்டு வந்தா. பத்திர எழுத்தர் கடையில ரெண்டே நாற்காலி. வாங்கறவரு ஒண்ணுல, விக்கறவங்க ஒண்ணுல. விக்கறவங்க அவதானே. நான் நடுவுல நின்னேன். பழக்கம்தான், ஒண்ணும் தோணல.

எழுத்தர் படிச்சாரு. இதெல்லாம் எனக்கு மனப்பாடம் சார். ஆயிரம் தடவை கேட்டிருக்கேன், காதுல விழாது. “மேற்படி சொத்தின் காலி சுவாதீனத்தை இன்றைய தேதியில் தங்கள் வசம் ஒப்படைத்துவிட்டபடியால், இது முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.” இவ என் சட்டையைப் பிடிச்சு லேசா இழுத்தா.

“காலி சுவாதீனம்னா என்னங்க?”

“ஆளும் சாமானும் இல்லாம ஒப்படைக்கறது.”

“இன்னைக்கேவா?”

“அப்படித்தான் எழுதறது.”

அப்புறம் கேட்டா, “அப்ப சாயந்தரம் நாம எந்த வீட்டுக்குங்க போறோம்?”

சார், நான் வீடு பார்க்கல. ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் குடுக்கறவன், வித்த அன்னைக்கு நாங்க எங்க போறதுன்னு பார்க்கல. அது என் மூளையிலயே இல்ல. வாங்கறவரு சிரிச்சாரு. ரெண்டு நாள் டைம் எடுத்துக்குங்கன்னு கூடச் சொன்னாரு, நல்ல மனுஷன். எனக்குத்தான் வெக்கமாப் போச்சு. இதென்ன பிரமாதம்னு என் நோட்டை எடுத்தேன். காலியா இருக்கற வாடகை வீடெல்லாம் அதுல இருக்கும், ஏரியா வாரியா.

பீமநகர்ல ஒண்ணு இருந்துச்சு. அங்க தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள், கீழேருந்து குடத்துல தூக்கணும். இவளுக்குத் தோள்பட்டை வலி. பாலக்கரையில ஒண்ணு. அங்க ஓனரம்மா அடுக்களை ஜன்னல் வழியா எட்டி இன்னைக்கு என்ன குழம்புன்னு கேக்கும். காஜாமலை வீடு நல்ல வீடு. ஆனா ஓனர் பையனுக்குப் பொண்ணு பார்க்கறாரு, அமைஞ்சா காலி பண்ணச் சொல்லுவாரு. ஒண்ணொண்ணா புரட்டறேன். எல்லாம் நான் வாய் கூசாம, கண்ணை மூடிக்கிட்டுக் குடி போங்கன்னு பத்துப் பேருக்குச் சொன்ன வீடுங்க. எதுலயும் இவளைக் கொண்டு போயி வைக்க முடியாதுன்னு தோணுது. வெளியில எங்க டோக்கன் நம்பரைக் கூப்பிடறாங்க.

இவ நோட்டையே பார்த்துக்கிட்டிருந்தா. “முன்னாடியெல்லாம் ஒரே நாள்ல பார்த்துடுவீங்களே”ன்னா.

குத்திக் காட்டல சார். அவளுக்குக் குத்திக் காட்டத் தெரியாது. உண்மையாவே கேட்டா. முன்னாடியெல்லாம் ஒரே நாள்ல பார்த்திருக்கேன்தான். பதினொரு வீட்டுல நாலு வீட்டை நானே வித்துக் குடுத்துட்டேன். நாங்க குடியிருக்கும்போதே. ஓனர் விக்கணும்பாரு, என்கிட்ட ஆள் இருக்கும், வர்ற கமிஷனை விடலாமா? வாங்க வந்தவங்களுக்கு இவதான் ரூம் ரூமா கதவைத் திறந்து காட்டுவா. காபி குடுப்பா. நான் உள்ள வந்து, பேசி முடிச்சாச்சு, ஒண்ணாந்தேதி காலி பண்ணணும்பேன். இவ சரிங்கன்னு பாத்திரத்தை விளக்கிக் கோணியில போட ஆரம்பிச்சுடுவா. எங்க பொண்ணு இவ வயித்துல எட்டு மாசமா இருந்தப்பவும் ஒரு தடவை. அது தொழில் சார். தொழில்ல அதெல்லாம் பார்க்க முடியாது. ஆனா அன்னைக்கு அந்தக் கடையில நின்னுக்கிட்டு, அவ அப்படிக் கேட்டதும் நோட்டை மூடிப் பையில வச்சுட்டேன்.

கோயம்புத்தூர்க்காரர்கிட்ட ஒரு வாரம் பொறுங்கன்னு சொன்னேன். இவளுக்கு ஒரு நல்ல வாடகை வீடு பார்த்து வச்சுட்டு உடனே பதிஞ்சுடலாம்னேன். அவரு ஒரு மாசம் பொறுத்தாரு. அப்புறம் குடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாரு. அது ஆச்சு சார் எட்டு மாசம். விக்கறதுங்கற முடிவுல ஒரு மாத்தமும் இல்ல. வீடு பார்க்கற வரைக்கும் தள்ளி வச்சிருக்கேன், அவ்வளவுதான். இதுவரைக்கும் ஐம்பத்திரண்டு வீடு பார்த்துட்டேன். எல்லாத்துலயும் ஒரு குறை. இப்ப வீடு கட்டறவங்களுக்கு அக்கறையே இல்ல சார்.

சரி, உங்க வீட்டைப் பார்த்துடறேன். நீங்க பேசாம இருங்க, நானே பார்த்துக்கறேன்.

தண்ணி காவேரியா, போரா? ரெண்டுமா. இருபத்திநாலு மணி நேரமுமா. நல்லது. இந்த ஜன்னல் கிழக்கால. காத்து வருது. படி ஒண்ணுதான், அதுவும் தாழ்வா இருக்கு. பாத்ரூம்ல வழுக்கற தரை இல்ல. பக்கத்துல கோயிலா? ஸ்பீக்கர் கட்டுவாங்களே. கட்ட மாட்டாங்களா. உங்களுக்குப் பையன் இருக்காரா, கல்யாணத்துக்கு? ரெண்டும் பொண்ணா, ரெண்டும் கட்டிக் குடுத்தாச்சா. என்ன சொன்னீங்க? இவ்வளவு கேட்டதுக்கப்புறம் ஆணி வேணும்னா அடிச்சுக்கலாமா? எத்தனை வேணும்னாலுமா?

ரொம்ப பெரிய மனசு சார் உங்களுக்கு.

இருங்க, கொல்லையைப் பார்த்துட்டு வரேன்.

குறை ஒண்ணும் இல்ல சார். அதைத்தான் யோசிச்சுக்கிட்டு நிக்கறேன். முப்பது வருஷத்துல ஒரு வீட்டுல குறை சொல்ல முடியாம நான் நின்னது இதான் முதல் தடவை.

ஒரு நிமிஷம் சார், போன். அவதான். நான் வீடு பார்க்கப் போனா இந்நேரத்துக்குப் போடுவா.

சொல்லு தையல். ஆமா, புத்தூர்லதான் இருக்கேன். பார்த்தேன். வீடு நல்ல வீடுதான். ஆனா நான் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடிதான் வேற யாருக்கோ விட்டுட்டாங்களாம். ஆமா. நம்ம நேரம். ஓனரா? நல்ல மனுஷன், அவரும் வருத்தப்படறாரு. என்னது? இப்பவா? எத்தனை? சரி. சரி, வாங்கிட்டு வரேன். சாப்பிட வந்துடறேன்.

சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வாசல்ல தொங்கற அந்த வாடகை போர்டை நானே கழட்டிட்டுப் போறேன். இவ கோயிலுக்கு இந்தப் பக்கம் வந்தாலும் வருவா. உங்களுக்கு நஷ்டம் வர விட மாட்டேன். நாளைக்குக் காலையில ஒரு நல்ல குடும்பத்தைக் கூட்டிட்டு வரேன், பேங்க் வேலை, ஒரே குழந்தை. கமிஷன் வேண்டாம். உங்ககிட்டயும் வேண்டாம், அவங்ககிட்டயும் வேண்டாம்.

இன்னொண்ணு கேக்கணும். இந்தப் பக்கம் செடி கொடி விக்கற நர்சரி ஏதாவது இருக்கா? கொல்லையில வைக்க ஒரு தென்னங்கன்னு வாங்கிட்டு வரச் சொல்றா. நானும் யோசிச்சேன், கொல்லையில ஒரு தென்னை நின்னா வாங்கறவனுக்குப் பார்வையா இருக்கும். இன்வெஸ்ட்மென்ட்தானே. சில கடையில கேட்டா குட்டை ரகம்தான் இருக்கும்பான். குட்டை வேணாம் சார். அது நாலு வருஷத்துல காய்க்கும், ஆனா சீக்கிரம் ஓய்ஞ்சுடும். நெட்டைதான் வேணும். காய்க்க ஏழு வருஷம் ஆகட்டும், பரவாயில்ல. நெட்டைன்னா எண்பது வருஷம் நிக்கும்.